அழவைக்காத வெங்காயம்

காத்தான்குடிப் பரீது காக்கா
சாக்கைப் பிரித்து ஒன்றை எடுத்தார்.
நகத்தால் கீறி மூக்கருகே வைத்து
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"களுதாவளை வெங்காயமா இது?
தண்ணிக்குத் தோல் உடுத்தின மாதிரிக் கிடக்கு."
கிலோவுக்கு நாற்பது ரூபா குறைத்தார்.

அன்றிரவு ஒரு சுளகு உரித்தேன்.
கண் கலங்கவில்லை.
கறிக்குள் போட்டேன்,
கறிக்கும் தெரியவில்லை.

யூரியா போடாமல் விட்டதில்லை,
ஒருக்கா, மறுகா ஒருக்கா.
ஆனாலும் நடுக்குருத்து
காமாலைக்காரன் கண் போல.

போதனாசிரியப் பிள்ளை வினோதரணி
ஸ்கூட்டியைக் கிணற்றடியில் நிறுத்திவிட்டு
தலைக்கவசத்தோடே பாத்திக்குள் குந்தினாள்.
"தழைச்சத்துக் குறைஞ்சா, அக்கா,
கிழட்டு இலைதான் முதலில் மஞ்சளாகும்,
உள்ளதைக் குருத்துக்கு அனுப்பிவிட்டு.
இது வேற.
ஏறின இலையை விட்டு இலேசில் இறங்காது.
அதுதான் கிழடு பச்சை, பிஞ்சு மஞ்சள்.
மணல் மண், மாரி மழை கழுவிக்கொண்டு போகுது.
நீங்க திருப்பிக் குடுக்கவே இல்ல.
கந்தகம் போடுங்க."

கந்தகம்.
உப்புப் போடுங்க என்பது போலச் சொன்னாள்.
நான் ரோட்டைப் பார்த்தேன்.
யாரும் வரவில்லை.

அவள் பிறந்த வருடமாக இருக்கும்.
மிளகாய்க் கன்றுக்குத் தூவ
இரண்டு றாத்தல் மஞ்சள் தூளை
சைக்கிள் கரியரில் கட்டி வந்த என் மனிசனை
சோதனைச் சாவடியில் இறக்கினார்கள்.
பதினொரு நாள்.
வந்தார். சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
இரண்டு விரலில் நகம் திரும்ப முளைக்க
ஒரு வெங்காயப் போகம் எடுத்தது.
அதன்பிறகு இந்த வளவுக்குள்
வெள்ளைப் பசளை மட்டும்தான்,
அதுவும் அனுமதித் துண்டோடு.
துண்டு நின்றுபோய் எத்தனையோ வருடம்.
பயம் பழக்கமானதை
மண் மட்டும் கணக்கு வைத்திருக்கிறது.

களுவாஞ்சிகுடிக் கடைப் பொடியன்
காசா கடனா என்று மட்டும் கேட்டான்.
பஸ்ஸில் பை என் மடியில்.
பழைய சாவடி இருந்த இடத்தில்
இப்போது போன் திருத்தும் கடை.
அதைத் தாண்டும்வரை மூச்சு விடவில்லை நான்.

மனிசன் பைக்குள் எட்டிப் பார்த்தார்.
அழுக்கே இல்லாத விரல்களைச்
சாரத்தில் துடைத்தார்.
மறுகா மண்வெட்டியை எடுத்தார்.

"உடனே பிடிக்காது" என்றிருந்தாள் வினோதரணி,
"கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தின்று மாற்ற வேணும்."
தின்னட்டும். நாங்கள் காத்திருந்து பழகினவர்கள்.

வைகாசியில் முதல் பிடுங்கல்.
வரப்பில் குந்தியிருந்து
ஒன்றைக் கத்தியால் பிளந்தார்.
மூக்கை உறிஞ்சினார்.
"நல்ல காரம்" என்றார்,
திரும்பாமல்.

ஒரு வெங்காயத்துக்கு
அவ்வளவு நேரம் எடுக்காது.
நான் கிணற்றடிக்குப் போய்
மெசினைப் போட்டேன்,
தண்ணீர் தேவையில்லாத வேளையில்,
சத்தத்துக்காக.