டிஸ்ப்ளே இன்னும் வரவில்லை

போனை ஆன் பண்ணும் முன்பே
தெரிந்துவிடும் எனக்கு.
சாய்த்துப் பிடித்தால் கண்ணாடியில்
இரண்டே இடம் மங்கியிருக்கும்.
இடது ஓரம் ஓட,
வலது ஓரம் சுட.
மற்றபடி புதுசு.

செய்யதலி பாத்து கொண்டுவந்தது
செவ்வாய்க்கிழமை. மேலப்பாளையம் சந்தைக்கு வந்த ஆடுகள்
ரோட்டை அடைத்துக்கொண்டிருந்த நேரம்.
சேலைத் தலைப்பில் பீடித்தூள் வாசம்.
"கொம்பையா, இதுல அந்தச் சனியன் மட்டும்
ஓடாம ஆக்கித் தா.
பேச்சு வந்தாப் போதும்."

பூட்டுப் போடலாம், என்றேன்.
தமீம் இரண்டே நாளில் உடைத்துவிடுவான்.
நான் உடைத்திருக்கிறேன்.

மூன்று வாரக் கூலி
துப்பாக்கிக்குத் தங்க நிறம் பூசப் போயிருந்தது.
"நெசத் துப்பாக்கின்னாலும்
வித்துத் திங்கலாம்."
சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

"உள்ள அவன் என்னவா இருக்கான்னு
கேட்டியளா?"
ஏன் கேட்டேனோ.
என்னை யாரும் கேட்டதில்லை,
அதனாலாக இருக்கும்.

மறுநாள் வந்து சொன்னாள்:
"ராத்திரி பக்கத்துல உக்காந்து பாத்தேன்.
விழுந்தவனையெல்லாம் எழுப்பி விடுதான்.
குண்டு பறக்கு, இவன் தவழ்ந்து போறான்.
எவனோ பஞ்சாப்காரனாம், தூக்கி நிறுத்துதான்.
நீ இல்லன்னா நான் இல்லங்கானாம் அந்தப் பய."
கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தாள்.
"போன மாசம் சுளகோட
சரிஞ்சு விழுந்தேன் தம்பி.
இந்தா, இந்த தூரத்துலதான் இருந்தான்."

சால்டரிங் முனையைத் துடைத்தேன்,
துடைத்ததையே.

எனக்கும் மூன்று பேர் இருந்தார்கள்.
பாலிடெக்னிக்கில் ஏழு அரியர்;
வெளியே எங்கு போனாலும் அதைத்தான் கேட்டார்கள்.
அங்கே நான் சொன்னால் மூன்று பேர் திரும்புவார்கள்.
காலடிச் சத்தம் வைத்தே
எந்த மாடி, எத்தனை பேர் என்பேன்.
அண்ணனுக்குத் தாலி கட்டு நடந்தபோது
மண்டபத்து மாடிப்படிக்குக் கீழே இருந்தேன்.
ஆல்பத்தில் எங்கும் நான் இல்லை.
விட்டுப் பதினாலு மாதம்.
விட்டது என்று சொல்லக்கூடாது,
விட்டுக்கொண்டிருக்கிறேன்.

தமீமே ஒருநாள் வந்தான், தனியாக.
"டச் சரியில்லண்ணே, பாருங்க."
டச் சரியாகத்தான் இருந்தது.
அவனுக்கும் தெரியும்.
"டிஸ்ப்ளே மதுரையில இருந்து வரணும்டே."
"எத்தன நாள்?"
"சொல்ல முடியாது."
தலையாட்டினான்.

சாயங்காலமே வந்தான், வந்துருச்சா?
காலையில் ஸ்கூல் பையோடு, வந்துருச்சா?
மூன்றாம் நாள் கத்தினான்,
கண்ணாடிப் பெட்டியை ஓங்கிக் குத்தினான்.
ஹெட்செட் அட்டை இரண்டு கீழே விழுந்தது.
அவனே குனிந்து எடுத்து மாட்டினான்.

ஒன்பதாம் நாள் எதுவும் கேட்காமல் நின்றான்.
பெருவிரல்கள் மட்டும் கவுண்டர் கண்ணாடியில்
தாமாக நகர்ந்துகொண்டிருந்தன.
"தூக்கமே வரமாட்டேங்குண்ணே.
உம்மா பீடி எண்ணுதது கேக்கு.
ரெண்டு மணி வரைக்கும் எண்ணுது.
ஹெட்செட்டுல கேட்டதே இல்ல."

இன்று ஷட்டரை இறக்கும் முன்
அவன் போனை ஒருதரம் உயிர்ப்பித்தேன்.
பேட்டரி வீங்கிவிடக் கூடாதே, அதற்காக.
அதற்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன்.
மளமளவென்று வந்து விழுந்தன:
எங்கே போனாய், ஓர் ஆள் குறைகிறது, வா, வா.
மங்கிய இரண்டு இடத்திலும்
என் விரல்கள் போய் உட்கார்ந்தன,
அளவெடுத்த மாதிரி.

நாற்பது எண்ணினேன்.
இன்னொரு நாற்பது.
கடைசி பஸ் ஜங்ஷன், ஜங்ஷன் என்று கத்திக்கொண்டு போனது.
அணைத்து டிராயரில் வைத்துப் பூட்டி
சாவியை எதிர் டீக்கடை அல்லாபிச்சையிடம் கொடுத்தேன்.
எதற்கு என்று அவர் கேட்கவில்லை.
பால் இல்லை, கட்டஞ்சாயா போடவா என்றார்.

நாளைக்கு அவன் வந்தால்
என்ன சொல்லலாம்.
மதுரையில் மழை என்று சொல்லலாம்.