வாய் அடைத்த ஆறு

பதினோரு நாளாக உம்கேனி கடலைத் தொடவில்லை.
ஒரே இரவில் அலை குவித்த மணல்திட்டு,
டர்பன் நகரமே அதன்மேல் நடந்துபோகலாம்.
உள்ளே நீர் ஏறுகிறது.
அலையாத்தியின் மூச்சுவேர்கள்
விரல் விரலாக மூழ்குகின்றன.

"ஒரு மண்வெட்டி போதுமே" என்கிறார்கள் தூண்டில்காரர்கள்.
போதும்தான்.
காப்பகத்தில் வெட்ட எனக்கு உத்தரவில்லை.
என்னிடம் இருப்பது சாவி,
பிறகு, நண்டு எண்ணுகிற ஒரு சதுர மீட்டர் மரச்சட்டம்.

செவ்வாய்க்கிழமை ஃபீனிக்ஸிலிருந்து வந்தார்
தயாளன் படையாச்சி.
கையில் ஐஸ்கிரீம் டப்பா, மூடியைச் சுற்றி டேப்,
பக்கவாட்டில் இன்னும் சிரிக்கிற ஸ்ட்ராபெரி.
"அம்மா" என்றார்,
அறிமுகப்படுத்துகிற மாதிரி.

ஆறு கடலுக்குப் போகவில்லை என்றேன்.
இப்போது கரைத்தால் இங்கேயே சுற்றிக்கொண்டிருப்பார்,
செருப்பு, பாட்டில், பழைய டயரோடு.
அவர் யோசித்தார்.
"அவளுக்கு நீச்சலும் தெரியாது."
சிரிக்கலாமா என்று தெரியாமலே
இருவரும் சிரித்துவிட்டோம்.

பதிவேட்டின் ஓரத்தில் போன் நம்பர் எழுதினார்.
பக்கத்தில்: திறந்ததும்.

சட்டத்துக்குள் நண்டுகள்
முப்பத்தொன்று, பத்தொன்பது, நான்கு.
பிறகு சட்டம் வைக்கச் சேறே இல்லை.
மேலே மலையில் மழை என்றது ரேடியோ.
சனிக்கிழமை, விடிய மூன்று பத்துக்கு
இரவுக் காவல் நோக்வாஸி கூப்பிட்டாள்.
பேசவில்லை.
போனை ஆற்றின் பக்கம் நீட்டினாள்.
அந்த இரைச்சலை அப்படியே
அந்த நம்பருக்குக் கேட்கவைத்தேன்.

நைட் ஷிப்ட் உடுப்போடு வந்து நின்றார்.
திட்டு பிளந்து, பழுப்பு நீர், கரும்புச் சோகை,
உட்கார ஆளில்லாத ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
எல்லாம் அவசரமாகக் கடலுக்கு.
டேப்பைப் பிரிக்கத்தான் நேரம் பிடித்தது.
சாம்பல் விழுந்ததும் நிறம் ஏதும் மாறவில்லை.
ஆறு முன்பே அந்த நிறம்தான்.

'இங்கே எதையும் விட்டுச் செல்லாதீர்'
என்கிற பலகைக்கு நான் முதுகைக் காட்டி நின்றேன்.
பதிவேட்டில் எழுதினேன்:
உள்ளே வந்தவர் இருவர்.
வெளியே போனவர் ஒருவர்.
மேலிடம் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

அவர் டப்பாவை மணல் போட்டுத் தேய்த்தார்,
கவிழ்த்துத் தட்டினார்,
பலகையை ஒருமுறை படித்துவிட்டு
மூடியோடு எடுத்துப் போனார்.

மதியம் சேறு தெரிந்தது.
சட்டத்தை வைத்துக் குந்தியிருந்தேன்.
ஒரு நண்டு.
வெகுநேரம் கழித்து, இன்னொன்று.