ஆவுளியா மேய்ந்த தடம்

காரங்காடு வந்து சேர்ந்தபோது
ஆதவ் காருக்குள்ளேயே வாந்தி எடுத்திருந்தான்.
ராமநாதபுரத்துப் பரோட்டா.
வாழ்க்கையின் முதல் கடலை
மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

மூன்று வருஷமாய்த் தள்ளிப்போட்ட பயணம்.
ஒரு பொங்கலுக்கு முகுந்தனின் ஆபீஸில் ஆடிட்டிங்,
ஒரு பொங்கலுக்கு என் கர்ப்பப்பை,
போன பொங்கலுக்கு
அவனுக்கும் அவன் அக்காவுக்கும்
ஒத்தக்கடை மனையை வைத்து வந்த பேச்சு.
இப்போது மதினி முன்சீட்டில்.
பின்சீட்டில் நான், இரண்டு பிள்ளைகள்,
எங்கள் மடிக்குக் குறுக்கே ஒரு கட்டுக் கரும்பு.

படகில் ஏறியதும் மகிழா கேட்டாள்:
அலை எங்கே?
ராயப்பன் துடுப்பை ஊன்றியபடி சொன்னார்:
"இது பெண்கடல் பாப்பா, சத்தம் போடாது.
தெக்கே மன்னார் பக்கம் போனா ஆண்கடல்.
அதுதான் கத்தும்."
"எங்க வீட்டுல தலைகீழ்" என்றாள் மதினி.
முகுந்தன் சிரித்துவிட்டான்.
சிரித்த பிறகுதான்
பேசாமல் இருக்கிறோம் என்பது
இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது.

அலையாத்தி வேர்கள் சேற்றிலிருந்து
பென்சில் பென்சிலாய் நீட்டிக்கொண்டிருந்தன.
ஒரு நண்டு எங்களைப் பார்த்து
கொடுக்கை ஆட்டிவிட்டு வளைக்குள் போனது.
தூரத்தில் வெளுத்துக் கிடந்த திட்டு
நாங்கள் நெருங்கியதும் எழுந்து பறந்தது.
பூநாரைகள்.
எண்ணத் தொடங்கிய ஆதவ்
நாற்பதில் குழம்பி
"நிறைய" என்று முடித்தான்.

ஆனால் மகிழா வந்தது கடல்பசுவுக்காக.
இன்றைக்கு மாட்டுப் பொங்கல்,
அதற்கு யார் கொம்பில் வர்ணம் பூசுவார்கள்?
அதற்குக் கொம்பே கிடையாதே.
அப்படியென்றால் மாலையாவது?
கையில் ஒளித்து வைத்திருந்த கரும்புத் தோகையை
நீரில் விட்டாள்.
"அது தோகை திங்காது பாப்பா, தாழைதான் திங்கும்"
என்று ராயப்பன் வளைந்து அதை எடுத்தார்.
"நாங்க ஆவுளியான்னுதான் சொல்லுவோம்.
வலையில மாட்டுனா
வலைய அறுத்து விட்டுருவோம்."

வரவில்லை.
ஒரு மணி நேரம் காத்திருந்தோம்.
முகுந்தன் கேமராவைப் பைக்குள் வைத்தான்,
பிறகு எடுத்தான், பிறகு வைத்தான்.
படகு திரும்பும்போது
இடுப்பளவு ஆழத்தில் ராயப்பன் கை காட்டினார்.
பச்சைத் தாழைக்கு நடுவே
மணல் தெரிய ஒரு கோடு,
என் இரண்டு உள்ளங்கை அகலம்,
வளைந்து, நின்று, மறுபடி வளைந்து.
"ராத்திரி மேய்ஞ்சிட்டுப் போயிருக்கு."
பக்கத்திலேயே இன்னொரு கோடு, குறுகலாக.
குட்டியா என்று மதினி கேட்டாள்.
இருக்கலாம் என்றார்.
அவளுக்குக் குழந்தை இல்லை.
படகு கரை தட்டும் வரை
அவள் பின்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜெசிந்தா வீட்டுப் பின்பந்தலில்
தினத்தாளை விரித்து உட்கார்ந்தோம்.
நண்டுக் குழம்பு, கணவாய் வறுவல்,
பூண்டு தூக்கலாய்ச் சுறாப்புட்டு.
நண்டின் ஓட்டை உடைக்க
ஆளுக்கொரு கூழாங்கல் கொடுத்தாள்.
பிறகு பிள்ளைகள் தூங்கினார்களா என்று பார்த்துவிட்டு
ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒன்று கொண்டுவந்தாள்:
"கிறிஸ்மஸுக்குப் போட்டது.
பன்னீர் திராட்சை, ஒரு பட்டை, ரெண்டு கிராம்பு.
ஒன்னும் செய்யாது."
எவர்சில்வர் டம்ளரில்
அது கருப்பாகத் தெரிந்தது.
முகுந்தன் உறிஞ்சிவிட்டு என்னைப் பார்த்தான்.
நான் இரண்டு டம்ளர்.
மதினி மூன்று.
மூன்றாவதில், கண்ணைத் துடைக்காமல்,
"அந்த மனையில ஒரு வேப்பமரம் இருந்துச்சுடா" என்றாள்.
"இப்பவும் இருக்குக்கா" என்றான்.
அவ்வளவுதான் பேசினார்கள்.
மனையைப் பற்றி எதுவும் முடிவாகவில்லை.

காலையில் பந்தலுக்குப் போனேன்.
தாளை யாரும் எடுக்கவில்லை.
மதினி உட்கார்ந்த இடத்திலிருந்து
முகுந்தன் உட்கார்ந்த இடம் வரைக்கும்
சிவந்த ஓடுகள்
வளைந்து வளைந்து கிடந்தன.
காகம் ஒன்று அதன்மேல் நடந்துகொண்டிருந்தது.

மிச்சமிருந்ததை வீணாக்காதீங்க என்று
ஜெசிந்தா எதிலோ ஊற்றிக் கொடுத்திருந்தாள்.
திங்கட்கிழமை பள்ளியிலிருந்து
மகிழாவின் மிஸ் போனில் கூப்பிட்டார்.
தண்ணீர் பாட்டிலை
இரண்டு தரம் கழுவித்தான் அனுப்பினேன், மிஸ்.