வேரைக் காணோம்

பீடோங்கில் ஒன்பதரைக்குக் கரண்ட் போனது.
ஜிசிசி முக்கால் கிணறு தாண்டியிருந்தது.
பேட்டரி செத்த லேப்டாப்.
மறுபடி முதலிலிருந்து.

நள்ளிரவுக்குமேல் திரையில் எழுத்து அடைமழை.
விசிறி இரைச்சலில்
செம்பனைக்குலை லாரி போனதுகூடக் கேட்கவில்லை.

ஐந்தரைக்கு ரீபூட்.
கர்னல் ஒரே வரியில் கைவிரித்தது:
வேரைக் காணோம்.
வெளியே, மறுநடவுக்குச் சாய்த்த மரங்கள்
வேரைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

எஸ்டிஏ என்று இருக்கவேண்டிய இடத்தில் எஸ்டிபி.
ஓர் எழுத்து. ஒன்றரை மணி நேரம்.

கையுறை ஆலையில் நைட் ஷிப்ட் முடித்து
விரலிடுக்கில் வெள்ளைத் தூளோடு
சரளாக்கா எட்டிப் பார்த்தாள்.
கறுப்புத் திரை. மினுக்கும் ஒரு கோடு.
வைஃபை இல்லை, சத்தம் இல்லை.
"இதுக்கா மூணு ராத்திரி?"

"இதுல நான் வைக்காதது ஒண்ணுமே இல்ல லா."

ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.
"என் பேர அடி, பாப்போம்."

அடித்தேன்.
அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது.