இரண்டாம் யூஃபோனியத்துக்குப் பதினாறு பார்

அருமைநாயகம் எனக்கு எழுதிய பகுதியில்
முதல் வரியே இப்படித்தான் இருக்கும்:
சும்மா இரு, பதினாறு பார்.
பித்தளையை மடியில் கிடத்தி
எண்ணிக்கொண்டிருக்க வேண்டியது.
எண்ணுவதற்கும் கூலி உண்டா என்று ஒருநாள் கேட்டேன்.
"உமக்கு அதுக்குத்தான் வே கூலி" என்றார்.

மேலப்பாளையத்தில் பீடி கம்பெனிக் கணக்கர்.
கட்டுக்கு இருபத்தைந்து,
கழிவு இத்தனை, இலை பாக்கி இத்தனை
என்று முன்பக்கம் எழுதிய நோட்டைத்
தலைகீழாகத் திருப்பி
பின்பக்கத்திலிருந்து மார்ச் எழுதுவார்.
எல்லாம் சோல்பா எழுத்து.
மேல் ஸ்தாயிக்குத் தலையில் ஒரு கீறல்,
கீழ் ஸ்தாயிக்குக் காலில்.
பங்குனிக் கடைசியில் இரண்டு கணக்கும்
நடுத்தாளில் முட்டிக்கொள்ளும்.
ஒரு வருஷம்
ஆடிட்டருக்குப் போன நோட்டோடு
ஒரு கல்யாண மார்ச்சும் மதுரைக்குப் போய்
பக்கத்துக்குப் பக்கம்
சிவப்பு மையில் டிக் வாங்கித் திரும்பியது.
அவர் இசைக்குக் கிடைத்த ஒரே விமர்சனம்.

சமாதானபுரத்து பேண்டில் நாங்கள் பன்னிரண்டு பேர்.
தைத்த சிவப்புக் கோட்டு பதினொன்று.
வெள்ளைச் சட்டையோடு
ஓரமாய் கார்னெட் பிடித்து நிற்பவர் அவர்.
கல்யாண வீட்டார்
வழிகேட்க வந்தவர் என்று நினைத்து
காப்பி கொடுக்க மறந்துவிடுவார்கள்.

பாட்டுக்குப் பேர் வைக்கிற பழக்கமில்லை.
நம்பர்தான்.
ஏழாம் நம்பர்,
வண்ணார்பேட்டைப் பாலத்தில் மாட்டுவண்டி அச்சு முறிந்து
பஸ் ஒன்றரை மணிநேரம் நின்றபோது எழுதியது.
முருகன்குறிச்சியில் ஒரு தெருவில்
காலையில் பெண்ணை அனுப்ப அதை வாசித்தோம்,
எட்டு நிமிஷம்.
சாயங்காலம் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாரை அனுப்ப
அதே தாளை வாசித்தோம், இருபது நிமிஷம்.
ஒருவருக்கும் தெரியவில்லை.
ஒரு சின்னப்பிள்ளை மட்டும்
பாடைக்குப் பின்னால் ஆட ஆரம்பித்து
முதுகில் ஒன்று வாங்கியது.

வானொலிக்கு விண்ணப்பம் போட்டார்.
கர்நாடகம், மெல்லிசை, நாட்டுப்புறம் என்று
தாளில் மூன்று கட்டங்கள்.
ஸ்கேல் வைத்து
நாலாவது கட்டம் வரைந்து அனுப்பினார்.
பதில் வரவில்லை.

மெஞ்ஞானபுரத்தில் ஒரு அசனப் பண்டிகை.
நாசரேத் பக்கத்து பேண்டு ஒன்று
பந்தலுக்கு அந்தப்புறம்
ஏழாம் நம்பரை எடுத்து வாசித்தது.
எங்கள் ஏழாம் நம்பர்.
சைடு டிரம் கோயில்பிச்சை கையை மடித்துவிட்டான்.
அதற்குள் அருமைநாயகம் இலைகளைத் தாண்டி
அவர்கள் கார்னெட்காரன் முன்னால் போய் நின்றார்.
அடி விழும் என்றுதான் நினைத்தோம்.
"ஏழாவது பார்ல ஃபா இல்லய்யா, ஃபே.
அரை ஸ்வரம் ஏத்தணும்.
இல்லன்னா அந்த எடத்துல பாட்டு தூங்கிரும்."
"நீங்க யாரு?"
"பீடிக் கணக்கன்."

வேனில் திரும்பும்போது
திருட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.
அசனக் கறியைத் தூக்குவாளியில் வைத்துக்கொண்டு
ஸ்ரீவைகுண்டம் தாண்டும்வரை
அந்த அரை ஸ்வரத்துக்காகப் புலம்பினார்.

ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார். நல்ல மழை.
பதினோரு ஆள், பதினோரு கோட்டு.
கல்லறைத் தோட்டத்து வாசலில்
யாரும் சொல்லாமலே
நாசரேத்துக்காரர்களும் குழலோடு நின்றார்கள்.
ஏழாம் நம்பர், மெதுவில்.
ஏழாவது பார் வந்தது:
எங்கள் ஃபே,
அவர்களில் பாதிப் பேர் ஃபே,
மீதிப் பேர் பழைய ஃபா.
ஈரத்தில் இரண்டும் உரசிக்கொண்டு
பல் கூசுகிற மாதிரி ஒரு சத்தம்.
நான் பெட்டியைத்தான் பார்த்தேன்.

மடியில் யூஃபோனியம். வாய்க்குள் மழைத்தண்ணீர்.
எண்ணிக்கொண்டு வந்தேன்.
பதின்மூன்றிலோ பதினாலிலோ
கணக்கு விட்டுப்போனது.
ஒரு பார் முந்தி நுழைந்துவிட்டேன்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.