பச்சை

ஜாபிரியாவில் காலை ஏழு நாற்பது.
ஐஸ் பெட்டியை நீட்டிக் கையெழுத்து வாங்கும் தில்பகதூர்
இன்றைக்கும் இந்தியில் கேட்கிறான்:
"உள்ளே என்ன, மீனா?"
கொண்டைக்கடலை அளவு தோல்.
ஷுவைபாவில் வெல்டிங் வேலை, இடது முன்கை, தீக்காயம்.
பதினொன்றாம் நாள். இன்னும் மூடவில்லை.
பெயர் எனக்குத் தரமாட்டார்கள்.
எண் நாற்பத்தொன்று.

கத்தரி நுனியால் நறுக்குகிறேன்,
குருணை ஆகும்வரை.
பிறகு கொலாஜினேஸ்:
தோலைத் தோலாக இறுக்கிவைத்திருக்கும் நாரையெல்லாம்
மெல்லத் தின்னும் நொதி.
கொஞ்சம் அசந்தால்
நமக்கு வேண்டியதையும் தின்றுவிடும்.
நாற்பத்தைந்து நிமிடம், முப்பத்தேழு டிகிரி.
சன்னலுக்கு வெளியே நாற்பத்தொன்பது.
இந்த ஊரில் உடம்புச் சூட்டுக்குப் பெயர்
குளிர்ச்சி.

எழுபது மைக்ரான் சல்லடை.
சிரிஞ்சின் பின்கட்டையால் தேய்க்கத் தேய்க்க
செல்கள் இறங்கும்,
மயிரும் கொழுப்பும் மேலே நிற்கும்.
சிவப்பணுக்களை உடைக்க இரண்டு நிமிடம்,
ஒரு விநாடி கூடினால் என் வெள்ளைக்காரர்களும் உடைவார்கள்.
(வெள்ளணுக்களை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்,
யாரும் இல்லாதபோது.)
சென்ட்ரிஃபியூஜ் நின்று மூடி திறந்தால்
குழாயின் அடியில் வெளிறிய வில்லை ஒன்று இருக்கும்.

இன்று அது கறுத்திருந்தது.

புகை என்று நினைத்தேன்.
இரும்புத்தூள்.
அல்லது என் பிழை.
மூன்று முறை கழுவினேன், போகவில்லை.
ஒரு துளியில் நீலச்சாயம் கலந்து தகட்டில் விட்டேன்;
செத்த செல் நீலம் பிடிக்கும்,
உயிருள்ளது வேண்டாம் என்னும்.
வேண்டாம் என்ற பெருவிழுங்கிகள் நூற்றுக்கணக்கில்,
ஒவ்வொன்றின் வயிற்றிலும்
கரும்பச்சைத் துகள்.

பச்சை குத்திய கை.

எந்தச் சந்தையிலோ ஊசி இறங்கிய அன்றே
இவை ஓடிவந்திருக்கும்.
அந்நியம் என்று விழுங்கி,
செரிக்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல்
அங்கேயே உட்கார்ந்துவிட்டிருக்கும்.
ஒன்று சாகும்போது மை சிந்தும்,
அடுத்து வந்தது அள்ளிக்கொள்ளும்.
இத்தனை வருடம் அந்த எழுத்து கலையாமல் இருந்தது
மையின் உறுதியால் இல்லை,
இந்தக் கைமாற்றால்.
எழுத்துதானா?
தேளாக இருக்கலாம், சிலுவையாக இருக்கலாம்,
நேபாளத்து அம்மன், வங்காளத்து மனைவி.
துகளைப் பார்த்து மொழி சொல்ல
எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் ஹனாதி திரைக்கு முன் குனிந்தார்.
"மை ஒளியைக் குடிக்கிறது. எண்ணிக்கை பொய்யாகும்.
வெளியே தள்ளு."
அவர் சொன்னது சரி.
மவுஸால் ஒரு பலகோணம் வரைந்து
புள்ளிக்கூட்டத்தின் மூலையை வெட்டினேன்.
பன்னிரண்டாயிரத்து நானூறு செல்கள்
அறிக்கையில் வராது.

குறிப்பேட்டில் காரணம் கேட்டு ஒரு கட்டம்.
"நிறமிக் கலப்பு" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மிச்சத்தை பிளீச்சில் ஊற்றிப் பத்து நிமிடம் வைப்பது விதி.
செல்லெல்லாம் கரைந்தது.
மை கரையவில்லை,
பீக்கரின் அடியில் ஒரு கொசு அளவுக்குக் கிடந்தது.
தொட்டியில் கவிழ்த்தபோதும் ஒட்டிக்கொண்டு.

வியாழக்கிழமை அதே கையிலிருந்து
அடுத்த துண்டு வரும்.
காயத்தின் மறு ஓரம், மச்சமும் மயிரும் தவிர்த்து
என்று வேண்டுகோள் படிவத்தில் எழுதினேன்.
பேனாவை மூடிவிட்டு மறுபடி திறந்தேன்.
பச்சையும் தவிர்த்து.