மூன்றரைக் குதிரை

படகு ஆயிரத்து இருநூறு டாலர்,
இழுவண்டியும் சேர்த்து.
மோட்டார் விலையைக் கேட்டதும்
சுண்டைக்காய் கால் பணம் என்று தொடங்கி
மிச்சத்தை விழுங்கிவிட்டேன்.
வெண்டெல் பக்கத்தில் நின்றான்.

அனகோர்ட்டஸில் மார்ச் மாதத்துக்கு ஒரே நிறம்.
கடல், கூரை, டெல்ஃபின் கடை வாசல்
எல்லாம் நனைந்த சாம்பல்.
உள்ளே மர நிலைகளில் தொங்கிய மோட்டார்களை
மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் போல
வயது கேட்டோம், எடை கேட்டோம்,
குடி எவ்வளவு என்று கேட்டோம்.

"பத்தொன்பது அடி, பாய்மரம். அப்படியானால்
இருபது அங்குலத் தண்டு" என்றாள் டெல்ஃபின்.
பதினைந்து போதாதா?
"அலையில் பின்பலகை தூக்கிக்கொள்ளும்.
விசிறி காற்றைக் கடையும்.
காற்றில் வெண்ணெய் திரளாது."

மூலையில் பாட்டரி மோட்டார் ஒன்று,
ஓடினால் சத்தமே வராதாம்.
விலைச்சீட்டு மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

"ஆறு குதிரை" என்றான் வெண்டெல்.
ஒரு குதிரைக்கும் தீனி வைத்தறியாதவன்.
இருபத்தாறு கிலோ என்றாள் அவள்.
ஆறு குதிரை, என்றான் மறுபடி,
என்னைப் பார்க்காமல்.

அவன் எங்கே பார்த்தான் என்று எனக்குத் தெரியும்.
போன ஆகஸ்டில் டிசெப்ஷன் பாஸ் பாலத்துக்கு அடியில்,
பாய் துணிக்கடைத் துணி போலத் தொங்க,
பழைய டூ-ஸ்ட்ரோக் இருமி நின்றது.
நீரோட்டம் எங்களைப் பின்பக்கமாக இழுத்துப் போனது
அவசரமே இல்லாமல்.
மேலே பாலத்தில் யாரோ கையசைத்தார்கள்,
அழகான காட்சிதான், மேலிருந்து.
நாற்பது முறை கயிற்றை இழுத்தான்.
நாற்பத்தொன்றாவதில் மோட்டாரிடம் மன்னிப்புக் கேட்டான்.
நண்டுப் படகுக்காரர் ஓரின்
வடத்தை வீசும்போது ஒன்றும் சொல்லவில்லை,
அதுதான் பெரிய வசை.

நவம்பரில் அவன் இதயத்துக்குள்
ஒரு சிறு கம்பிச்சுருளை வைத்தார்கள்.
பத்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது,
கயிறு கியிறு இழுக்கவே கூடாது.
இந்த வாக்கியத்தை நாங்கள்
காரில் ஏற்றிக்கொண்டு வரவில்லை,
இருந்தும் அது எங்களுக்கு முன்பே
கடைக்குள் வந்து நின்றது.

டெல்ஃபின் விலாசம் தெரிந்தவள்.
"மாட்டுவது யார், கழற்றுவது யார்?" என்று
பொதுவாகக் கேட்டுவிட்டு
என் பக்கம் திரும்பினாள்.
"தூக்கிப் பாருங்கள்."

ஆறு குதிரை என் முழங்கால் வரை வந்தது.
அதற்கு மேல் வர மறுத்தது.
அடுத்தது மூன்றரை,
பத்தொன்பது கிலோ.
இடுப்பு, விலா, நெஞ்சு,
நிலையில் மாட்டியபோது மூச்சு வாங்கியது,
ஆனால் மாட்டியது.

"பின்னால் போக இதில் கியர் இல்லை" என்றாள்.
"போக வேண்டுமென்றால்
முழு மோட்டாரையும் திருப்பிக்கொள்ளுங்கள்."
தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக்
கயிற்றை என் கையில் கொடுத்தாள்.
மூன்றாவது இழுப்பில் பிடித்தது.
தொட்டி நுரைத்தது,
கடையெங்கும் பெட்ரோல் வாசம்.

வெண்டெல் ஜன்னல் வழியே
மழையை வெகுநேரம் சரிபார்த்தான்.
எட்டு நாட் ஓட்டத்துக்கு
மூன்றரையும் போதாது, ஆறும் போதாது,
இதை நான் சொல்லவில்லை.
அவனே சொன்னான்:
"ஓத அட்டவணைக்கு எடை கிடையாது.
நீர் நிற்கும் நேரம் பார்த்துப் போவோம்."
பிறகு, பணம் கட்டும்போது,
"அந்த அரைக் குதிரை எந்தப் பாதி?"
டெல்ஃபின் ரசீதிலிருந்து நிமிராமல்
"தின்கிற பாதி" என்றாள்.

இந்தப் பக்கமாகத்தான் படுக்க வைக்க வேண்டும்,
புரட்டினால் எண்ணெய் தலைக்கேறும்
என்று இருமுறை சொல்லி அனுப்பினாள்.
பின் இருக்கையில் கிடத்தினேன்.
வெண்டெல் அதற்கு பெல்ட் போட்டான்.

வீடு வரை பதினேழு வளைவு.
ஒவ்வொன்றிலும் திரும்பிப் பார்த்தான்,
எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று.